கடைக்காரரின் கை எவ்வளவு தூரம் நீளலாம்?

திருடன் அகப்பட்டால் முதலில் நாலு அடி, பிறகுதான் போலீஸ். இது நம் கடைத் தெருக்களில் வெகு காலமாக வழங்கி வரும் எழுதாச் சட்டம். அடிக்கிறவர்களும் கெட்டவர்கள் அல்லர். கடன் வாங்கிக் கடை வைத்து, பொழுது விடிந்தது முதல் கல்லாவில் உட்கார்ந்து, சாமான் காணாமற் போவதைக் கண்டு மனம் புழுங்கியவர்கள். அவர்களுடைய கோபம் எனக்கு விளங்காமல் இல்லை. ஆயினும், எழுதிய சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை அவர்களும், அவர்களிடம் சாமான் வாங்கும் நம்மைப் போன்ற குடும்பஸ்தர்களும் அறிந்துகொள்வது அவசியம். சந்தேகத்தின் பேரில் நாளைக்கு வாசலில் நிறுத்தப்படுகிறவர் நம் வீட்டுப் பெண்ணாகவோ, பள்ளிக்கூடத்துப் பையனாகவோ இருக்கலாம் அல்லவா?

அமெரிக்காவில் கடைக்காரர்களுக்கென்றே ஒரு தனி உரிமை உண்டு. கலிபோர்னியா மாகாணத்தின் உச்ச நீதிமன்றம் 1936-ஆம் வருஷத்தில் அதை ஒப்புக்கொண்டது. அம்மாகாணத்தின் இன்றைய சட்டப்படி, தக்க காரணம் இருந்தால் கடைக்காரர் ஒருவரை நியாயமான நேரம் வரையில் நிறுத்தி வைக்கலாம். உயிருக்கு ஆபத்து விளைவிக்காத அளவான பலத்தை உபயோகிக்கலாம். கேட்டும் சாமானைத் தர மறுத்தால் கைப்பையைக் கூடச் சோதிக்கலாம். உடுத்தியிருக்கும் உடையைச் சோதிக்க மட்டும் அதிகாரம் இல்லை.

நம் தேசத்தில் கடைக்காரருக்கென்று இப்படித் தனிச் சலுகை எதுவும் கிடையாது. தெருவில் போகும் எந்தப் பிரஜைக்கும் உள்ள அதிகாரம் எதுவோ அதுதான் பல மாடி ஜவுளிக் கடை முதலாளிக்கும், அவர் வாசலில் உடுப்புப் போட்டு நிறுத்தியிருக்கும் காவலாளிக்கும் உண்டு. உடுப்பைப் பார்த்து நாம்தான் அவரைப் பாதிப் போலீஸ் என்று எண்ணிக்கொள்கிறோம்!

அந்த அதிகாரத்தைப் பாரதீய நாகரிக சுரக்ஷா ஸம்ஹிதையின் 40-வது ஷரத்து சொல்லுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 43-வது ஷரத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் அமுலில் இருப்பது இது. தன் முன்னிலையில், ஜாமீனில் விடத்தகாததும் போலீஸார் வாரண்டு இன்றிக் கைது செய்யத்தக்கதுமான குற்றத்தை ஒருவன் செய்தால், எந்தத் தனி மனிதரும் அவனைப் பிடிக்கலாம். பிடித்தால் வீண் தாமதமின்றி, எப்படியும் 6 மணி நேரத்துக்குள், போலீஸாரிடம் ஒப்படைத்துவிட வேண்டும். ‘தன் முன்னிலையில்’ என்னும் சொல்லைக் கவனியுங்கள். நேற்று எடுத்த காமிராப் படத்தைப் பார்த்துவிட்டு இன்று ஒருவரைப் பிடித்து வைப்பது இதில் அடங்காது. ‘முழித்த முழி சரியில்லை’ என்பதும் அடங்காது.

இதிலும் ஒரு சிக்கல் உண்டு. புதிய சட்டத்தின்படி, 5,000 ரூபாய்க்குக் குறைந்த சாதாரணத் திருட்டை முதல் தடவை செய்தவன் பொருளைத் திருப்பிக் கொடுத்துவிட்டால் அவனுக்குச் சமூக சேவையே தண்டனை. அது ஜாமீனில் விடத்தக்க குற்றம். வாரண்டு இன்றிப் போலீஸாரே கைது செய்ய முடியாது. ஆனால், பொருள்களைக் காத்து வைக்கும் கட்டடத்தில் திருடுவது 305-வது ஷரத்தின்படி 7 வருஷம் வரை தண்டனைக்குரிய பெரிய குற்றம். ஒரு சோப்புக் கட்டி விஷயத்தில் இரண்டில் எது பொருந்தும் என்று வக்கீல்கள் வாதாடலாம். வாசலில் நிற்கும் காவலாளி அரை நிமிஷத்தில் தீர்மானிக்கக் கூடுமோ?

கைது ஒரு புறமிருக்க, தன் சொத்தைக் காத்துக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் உண்டு. மெக்காலே பிரபு 1837-இல் வரைந்து, 1860-இல் சட்டமாகிய தண்டனைச் சட்டத்தில் இருந்த இந்தப் பகுதி, இன்று பாரதீய நியாய ஸம்ஹிதையில் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. அதன் அளவு மிகவும் தெளிவானது. காப்பதற்கு எவ்வளவு அவசியமோ அதற்கு மேல் ஒரு துளி தீங்கும் கூடாது. திருடன் பொருளோடு தப்பிப் போகும் வரையில், அல்லது போலீஸ் உதவி கிடைக்கும் வரையில், அல்லது பொருள் திரும்பக் கிடைக்கும் வரையில்தான் அந்த உரிமை உயிரோடிருக்கும். வாசற்படியில் ஒருவன் கையிலிருந்து புடவையைப் பிடுங்கலாம். பிடுங்கும்போது அவன் கை சுளுக்கினால் சட்டம் அதைப் பெரிதுபடுத்தாது. புடவை கடைக்காரர் கைக்கு வந்த பிறகு விழும் அறை புதிய குற்றம். அதைச் செய்தவர் கடைக்காரர்.

சோதனை விஷயத்தில்தான் நம்மவர்களுக்கு அதிக மயக்கம். தனி மனிதர் ஒருவரைக் கைது செய்தால், கைதானவரைச் சோதிக்கும் அதிகாரத்தைச் சட்டம் அவரை ஏற்றுக்கொள்ளும் போலீஸ் அதிகாரிக்கே தருகிறது; பிடித்தவருக்குத் தரவில்லை. பெண்ணை மற்றொரு பெண்தான், கௌரவத்துக்குப் பங்கமின்றிச் சோதிக்க வேண்டும். கிடங்கு அறையில் உட்கார வைத்து, ‘எழுதிக் கொடு, பத்து மடங்கு பணம் கட்டு, அப்புறம் போ’ என்று மிரட்டும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. நியாயமின்றி அடைத்து வைத்தாலே 1 வருஷம் வரை சிறை. குற்றத்தை ஒப்புக்கொள்ளச் செய்வதற்காக அடைத்தால் 3 வருஷம் வரை. அதற்காக அடித்துக் காயப்படுத்தினால் 7 வருஷம் வரை. கடையில் திருடினவனுக்குக் கிடைக்கக்கூடிய உச்ச தண்டனையும் அதே 7 வருஷம்தான்.

பிடிபட்டது சிறுவனானால் இன்னும் ஜாக்கிரதை தேவை. பள்ளிக்கூடத்தில் குழந்தைகளை அடிக்கக் கூடாதென்று 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டம் எங்கள் கைப் பிரம்பையே வாங்கி வைத்துவிட்டது. உபாத்தியாயருக்கு இல்லாத உரிமை மளிகைக் கடைக்காரருக்கு எங்கிருந்து வரும்?

இவையெல்லாம் ஏட்டுச் சுரைக்காய் என்று எண்ண வேண்டாம். கோயமுத்தூருக்கு மேற்கே, கேரள எல்லைக்குள் இருக்கிறது அட்டப்பாடி. 2018 பிப்ரவரி 22-ஆம் தேதி அங்கே மது என்ற ஆதிவாசி இளைஞரை, கடைகளில் அரிசியும் பலசரக்கும் திருடியவர் என்று சொல்லி ஒரு கூட்டம் காட்டிலிருந்து பிடித்து வந்தது. காட்டில் இருந்தவர் யார் முன்னிலையிலும் திருடிக்கொண்டிருக்கவில்லை. கைகளைக் கட்டினார்கள், அடித்தார்கள், அதைக் கைப்பேசியில் படமும் எடுத்தார்கள். பிறகு போலீஸாரிடம் ஒப்படைத்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அவர் உயிர் பிரிந்தது. வழக்கு நடந்தபோது சாட்சிகளில் பலர் பல்டி அடித்தார்கள். தாயும் சகோதரியும் 5 வருஷம் சலியாமல் நின்றார்கள். 2023 ஏப்ரலில் மண்ணார்க்காடு விசேஷ நீதிமன்றம் 14 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்மானித்து, அவர்களில் 13 பேருக்கு 7 வருஷக் கடுங்காவல் விதித்தது. அவர்களும் ‘திருடனைப் பிடிக்கிறோம்’ என்றுதான் புறப்பட்டார்கள்.

நேயர்கள் யாரையேனும் கடையில் நிறுத்தினால் ஓட வேண்டாம். கை கலக்கவும் வேண்டாம். ரசீதைக் காட்டலாம். பையைத் திறந்து காட்டுவது அவரவர் சம்மதம். சம்மதமில்லையென்றால், போலீஸார் வரட்டும் என்று சொல்லுங்கள். தனி அறைக்குப் போக மறுத்து, நாலு பேர் பார்க்கும் இடத்திலேயே நில்லுங்கள். எந்தக் காகிதத்திலும் கையெழுத்திட வேண்டாம். 112 என்ற எண்ணுக்கு நீங்களே டெலிபோன் செய்யலாம். நிறுத்திய நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரும் அதைக் குறித்து வைப்பது நல்லது. ஒருவரைப் பிடித்திருந்தால், 6 மணி நேரக் கணக்கு அப்பொழுதே ஓடத் தொடங்கிவிடுகிறது.