ஒருத்தர் பறக்க ஆறு பேர்

ராயகிரியில் உட்கார்ந்துகொண்டு ஃப்ளையிங் கிளப் பற்றி எழுதுவது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். இங்கே விமானம் என்றால் தலைக்கு மேலே கோடு போட்டுக்கொண்டு போவதுதான். ஆனால் கிழக்கே கோவில்பட்டி பக்கம் ஒரு பழைய ஓடுதளம் இருக்கிறது. அங்கே விமானப் பயிற்சி நிறுவனம் தொடங்க அண்மையில் டிட்கோ அழைப்பு விடுத்தது. அதைப் படித்ததிலிருந்து எனக்கு ஒரு கேள்வி. பயிற்சிப் பள்ளி சரி. ஆசைப்பட்ட முப்பது பேர் சேர்ந்து, சம்பளத்துக்கு ஆள் வைக்காமல், தாங்களே ஒரு கிளப் நடத்த முடியுமா? கோவில் கொடைக் கமிட்டி, கபடிக் குழு, நற்பணி மன்றம் எல்லாம் நம்மூர்ல அப்படித்தானே நடக்குது?

முடியும். பிரிட்டனில் சுமார் 80 கிளைடர் கிளப்புகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் பறக்கக் கற்றுக்கொடுப்பவர் முதல் புல் வெட்டுபவர் வரை காசு வாங்காத உறுப்பினர்கள்தான். ஆனால் அவர்கள் படும் பாட்டைப் பார்த்தால், சிரமம் நாம் நினைக்கிற இடத்தில் இல்லை என்று தெரியும்.

கிளைடருக்கு எஞ்சின் கிடையாது. விஞ்ச் என்ற இயந்திரம் ஒரு கிலோமீட்டர் தூரத்தில் நின்று கயிற்றைச் சுருட்டி இழுக்க, பட்டம் மாதிரி அது மேலே ஏறும். அதற்கு விஞ்சை இயக்க ஒருவர், கயிற்றைத் திரும்ப இழுத்துவர வண்டியில் ஒருவர், கொக்கி மாட்டி இறக்கையைப் பிடிக்க ஒருவர், சைகை கொடுக்க ஒருவர், நேரம் குறிக்க ஒருவர், அன்றைய பொறுப்பு இன்ஸ்ட்ரக்டர் ஒருவர் என்று தரையில் ஆறு பேர் வேண்டும். முந்நூறு, நானூறு மீட்டர் உயரம் போய், மேலெழும் வெப்பக் காற்று கிடைக்காவிட்டால் ஐந்தாறு நிமிடத்தில் இறங்கிவிட வேண்டியதுதான். ஐந்து நிமிடம் பறக்க ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க வெயிலில் நிற்கணும். புதிதாக வருபவர் முதல் மாதம் சந்தோஷமாக நிற்பார். மூன்றாவது மாதம், "மத்தியானம் வந்து பறந்துட்டு நாலு மணிக்குப் போயிடலாமா?" என்பார். எல்லாரும் அப்படிக் கேட்டால் அன்றைக்கு யாருமே பறக்க முடியாது.

எஞ்சின் உள்ள விமானம் என்றால் ஆள் குறைவு, பணம் அதிகம். பழைய செஸ்னா 152 மணிக்குச் சுமார் 23 லிட்டர் பெட்ரோல் குடிக்கும். அதுவும் பங்கில் கிடைக்கும் பெட்ரோல் அல்ல, அவ்காஸ் என்ற தனி வகை. 2022-இல் இந்தியன் ஆயில் வதோதராவில் தயாரிக்கத் தொடங்கும்வரை இந்தியா அதை இறக்குமதிதான் செய்துவந்தது.

பெட்ரோல் கூடப் பரவாயில்லை; ஓட்டினால்தான் செலவு. நிற்கும்போதும் செலவு வைப்பது எஞ்சின். அந்த செஸ்னாவின் லைகாமிங் எஞ்சினை 2,400 மணி நேரம் ஓடியதும், அல்லது 12 வருடம் ஆனதும், எது முதலில் வருகிறதோ அப்போது முழுசாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது கம்பெனி. ஓடாமல் கிடந்தாலும் உள்ளே துருப்பிடிக்கும் இல்லையா? கணக்குக்காக இந்த வேலைக்கு 24 லட்ச ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருடம் 200 மணி நேரம் பறந்தால் 12 வருடத்தில் 2,400 மணி. ஒரு மணிக்கு 1,000 ரூபாய் ஒதுக்கினால் போதும். உறுப்பினர்கள் சுணங்கி வருடம் 50 மணி நேரம்தான் பறந்தார்கள் என்றால், மொத்தம் 600 மணி. மணிக்கு 4,000 ஒதுக்கணும். கட்டணம் ஏறும். ஏறினால் இன்னும் நாலு பேர் வருவதை நிறுத்துவார்கள். மறுபடி கட்டணம் ஏறும். விபத்து எதுவும் இல்லாமலே ஒரு கிளப் சாகிற விதம் இதுதான்.

இந்தியாவிலும் தொடக்கம் நன்றாகத்தான் இருந்தது. 1928-இல் டெல்லியிலும் பம்பாயிலும் ஃப்ளையிங் கிளப்புகள் வந்தன. சில ஆண்டுகளுக்குள் மீனம்பாக்கத்தில் மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப்பும் இயங்கியது. அரசு மானியம் கொடுத்தது. 1929 பிப்ரவரியில் ஜே.ஆர்.டி. டாடா வாங்கிய முதல் எண் லைசென்ஸ் பம்பாய் கிளப்பில் கற்று வாங்கியதுதான். அதே வருடக் கடைசியில், இங்கிலாந்துக்கும் இந்தியாவுக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்கு ஆகா கான் பரிசு அறிவித்தார். அடுத்த வருடம் டாடா இங்கிருந்து கிளம்பினார். பதினேழு வயது ஆஸ்பி எஞ்சினியர் அங்கிருந்து வந்துகொண்டிருந்தார். வழியில் எகிப்தில் ஸ்பார்க் பிளக் இல்லாமல் மாட்டிக்கொண்டிருந்த ஆஸ்பிக்கு டாடா தன்னிடம் இருந்ததைக் கொடுத்தார். பரிசு ஆஸ்பிக்குப் போனது. பின்னால் அவர் விமானப்படைத் தளபதியும் ஆனார். போட்டியாளனுக்கே உதிரிபாகம் கொடுக்கிற இந்த மனசுதான் கிளப்பின் உண்மையான மூலதனம்.

பிறகு அந்த மனசுக்கு வேலை இல்லாமல் போயிற்று. இங்கே கிளப்பில் சேர்பவருக்கு வேண்டியது பெரும்பாலும் வேலை. தனியார் லைசென்ஸுக்கு 40 மணி நேரம், வணிக லைசென்ஸுக்கு 200 மணி நேரம். 200 முடிந்ததும் கிளம்பிவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. வீட்டை அடமானம் வைத்து வந்த பிள்ளை ஞாயிற்றுக்கிழமை புல் வெட்டிக்கொண்டா இருக்கும்? ஆனால் கிளப் என்பது இருபது வருடம் இருந்து, தான் கற்றதை அடுத்தவனுக்குச் சும்மா சொல்லிக்கொடுப்பவர்களால் நிற்பது. போகிறவர்கள் மட்டுமே இருந்தால் அது பயிற்சிப் பள்ளி. பள்ளி நல்லதுதான், ஆனா அது வேற.

எனக்கு இதில் பெரிய சிக்கலாகப் படுவது வேறொன்று. சம்பளக்காரரிடம் "இன்றைக்கு நீ பறக்கக் கூடாது" என்று சொல்லலாம். தன்னார்வலரிடம்? அதுவும் ஹேங்கர் கட்டப் பாதிப் பணம் கொடுத்த அண்ணாச்சியிடம்? கொடைக் கமிட்டியில் பெரிய மனுஷன் கணக்கில் தப்பு செய்தால் பேசாமல் விட்டுவிடுவோம். நஷ்டம் பணத்தோடு போகும். இங்கே ஆள் போய்விடும். ஆளை ஏற்றிப் போக வேண்டுமானால் கடந்த 90 நாளில் மூன்று தடவையாவது ஏறி இறங்கியிருக்கணும் என்று அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் விதி இருக்கிறது. லாக் புக்கைத் திறந்து "உங்களுக்கு இரண்டுதான் இருக்கு அண்ணாச்சி" என்று இருபத்திரண்டு வயதுப் பையன் சொல்லவும், அவர் கோபப்படாமல் கீழே இறங்கவும் வேண்டும். பிழைக்கிற கிளப்புகள் இதை மரியாதைக்கு விடுவதில்லை. அன்றைய பொறுப்பாளர் வேண்டாம் என்றால் தலைவரும் பறக்க முடியாது என்று எழுதியே வைத்துவிடுகின்றன.

அதனால் நம்ம பக்கம் யாராவது இப்படி ஒரு கிளப் தொடங்க நினைத்தால், விமானம் பார்க்கப் போவதற்கு முன்னால் மூன்று காகிதம் எழுதிக்கொள்ளச் சொல்வேன். யார் எந்த ஞாயிற்றுக்கிழமை தரையில் நிற்பது, வராவிட்டால் என்ன என்பது ஒன்று. எஞ்சினுக்கு மணிக்கு எவ்வளவு ஒதுக்குவது, அதை வேறு எதற்கும் தொடக்கூடாது என்பது இரண்டு. யாரை யார் தடுத்து நிறுத்தலாம் என்பது மூன்று. மூன்றாவது காகிதத்தில் முதல் கையெழுத்து, அதிகப் பணம் போடுகிறவர் போடணும். அவர் தயங்கினால், அந்தப் பணத்தை வாங்காமல் இருப்பதே நல்லது.