சயனைடு மலையடியில் ஒரு பசுமை அரங்கு

சாம்பியன் ரீப்ஸ் என்றதும் பூமிக்குள் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிய சுரங்கமே பலர் நினைவுக்கு வரும். 1902ஆம் ஆண்டிலேயே சிவனசமுத்திரத்திலிருந்து காவிரி மின்சாரம் வந்து சேர்ந்த வயல் இது. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. எஞ்சி நிற்பவற்றுள் முதன்மையானவை, மக்கள் சயனைடு மலைகள் என்றழைக்கும் ஆலைக்கழிவு மேடுகள். 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட நுண்மணல். இத்தகைய ஊரில் கல்லூரி மாணவர்க்கெனச் சுற்றுச்சூழலுக்கு இசைந்த கால்பந்து அரங்கு ஒன்று அமைவதாயின், அது எவ்வாறு இருத்தல் வேண்டும்?

உலகம் எடுத்துக்காட்டும் முன்னோடி, அமெரிக்காவின் டென்டன் நகரில் வடக்கு டெக்சாஸ் பல்கலைக்கழகம் 2011இல் திறந்த அரங்கு. பசுமைக் கட்டடங்களுக்கான லீட் பிளாட்டினம் சான்று பெற்ற முதல் புதிய கல்லூரிக் கால்பந்து அரங்கு அதுவே. அதன் அருகே மூன்று காற்றாலைகள் நிறுவப்பட்டன. (அங்கே கால்பந்து எனப்படுவது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் ஆட்டம் என்பது வேறு செய்தி.) நமக்கு அருகில், பெங்களூரு சின்னசாமி அரங்கில் 2015ஆம் ஆண்டு முதல் கூரையில் சூரிய மின்தகடுகள் இயங்குகின்றன. அது கிரிக்கெட் மைதானமாயினும், கற்றுக்கொள்ள வேண்டியது ஒன்றே.

எனினும் தங்கவயலில் முதல் கேள்வி மின்சாரம் அன்று, தண்ணீர். 105 மீட்டர் நீளமும் 68 மீட்டர் அகலமும் உள்ள ஆடுகளத்தின் பரப்பு 7,140 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் உயரம் நீர் நிற்க ஒரு லிட்டர் வேண்டும். ஆகவே, புல்தரையை ஒரு முறை 10 மில்லிமீட்டர் நனைக்க 71,400 லிட்டர். 12,000 லிட்டர் கொள்ளும் தண்ணீர் லாரிகள் ஆறு. கோடையில் அது இரண்டு மூன்று நாள்களுக்கே போதும்.

மழைநீர் சேகரிப்பு இதைத் தீர்த்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். பார்வையாளர் கூரை 500 சதுர மீட்டர் எனக் கொள்வோம். ஆண்டுக்கு 700 மில்லிமீட்டர் மழை பெய்து, அதில் ஐந்தில் ஒரு பங்கு வீணானால், தொட்டியில் சேர்வது 2,80,000 லிட்டர். நான்கு முறை நனைக்கவும் சற்றுக் குறையும்! அதே வேளையில், 300 மாணவர் தங்கும் விடுதியிலிருந்து ஒருவருக்கு நூறு லிட்டர் வீதம் நாள்தோறும் 30,000 லிட்டர் கழிவுநீர் வெளியேறுகிறது. அதைச் சுத்திகரித்தால், இரண்டரை நாளில் ஒரு பாய்ச்சலுக்கான நீர் கிடைத்துவிடும். கூரையைவிட விடுதியே பெரிய ஊற்று என்பது எங்கள் கணிப்பு.

தண்ணீர் வேண்டாம் என்று செயற்கைப் புல்லை நாடுவோர் உண்டு. அது வெயிலில் இயற்கைப் புல்லைவிடப் பன்மடங்கு சூடேறும். குளிர்விக்க மீண்டும் தண்ணீர் தெளிக்க நேரும். அதனிடையே தூவப்படும் ரப்பர்த் துகள்கள் மழையில் அடித்துச் செல்லப்படுகின்றன. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இத்துகள்களின் விற்பனையைப் படிப்படியாகத் தடை செய்ய விதி வகுத்தது. ஏறத்தாழ பத்தாண்டுகளில் விரிப்பையே மாற்றவும் வேண்டும். இச்செலவு தொடக்க மதிப்பீடுகளில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை.

விளக்குகளைப் பொறுத்தவரை ஐயமில்லை. பழைய மெட்டல் ஹாலைடு விளக்குகள் மின்தடைக்குப் பின் மீண்டும் ஒளிரச் சில நிமிடங்கள் எடுக்கும்; எல்இடி விளக்குகள் உடனே எரியும், மின்சாரமும் குறைவு. சூரிய மின்தகடுகள் பகலில் கல்லூரிக்கு உதவும். ஆனால் தூசு படியுமிடத்தில் அவற்றை அடிக்கடி துடைக்க வேண்டும், அதற்கும் நீர் வேண்டும்.

அத்தூசே இவ்வூரின் தனிச் சிக்கல். காற்று வீசும் மாதங்களில் மேட்டு மணல் குடியிருப்புகள் மேல் பறக்கிறது. ஓடியாடும் இளைஞர், அமர்ந்திருப்போரைவிடப் பன்மடங்கு காற்றை உள்ளிழுப்பர். எனவே அரங்கு மேடுகளின் காற்றுவழியில் அமையலாகாது. காற்று வரும் பக்கத்தில் வேம்பும் புங்கமும் வரிசையாக நிற்றல் நன்று. மைதானத்தை நிரவுவதற்கு அருகிலேயே இலவசமாகக் கிடக்கிறதென்று மேட்டு மணலை அள்ளிவந்து கொட்டவே கூடாது. சயனைடும் கன உலோகங்களும் உள்ளனவா என ஆய்வகத்தில் மண்ணைச் சோதித்த அறிக்கை கைக்கு வந்த பின்னரே, ஒப்பந்தப்புள்ளி கோருவதும் வங்கியை அணுகுவதும் முறையாகும்.