குளக்கரை உடும்பு

கொல்கத்தாவுக்கு எதிர்க்கரையில், ஹௌரா மாவட்டத்தில் உள்ளது சாந்த்ராகாச்சி. குளிர்காலத்தில் அவ்வூர் ஏரியில் வந்திறங்கும் நீர்ப்பறவைகளைக் காண நாம் ஆவலுடன் செல்கிறோம். ஆனால், அங்குள்ள வீட்டுக் குளக்கரைகளில் ஆண்டு முழுதும் வாழும் ஒரு பிராணியைக் கண்டால் மட்டும் தடியைத் தேடுகிறோம். அதுதான் உடும்பு.

வங்காளிகள் இதனைக் ‘கோசாப்’ என்பர். ‘சாப்’ என்றால் பாம்பு. பெயரோடு பிளவுண்ட நாக்கும் சேர்ந்துகொள்ளவே, நச்சுப் பிராணி என்னும் அச்சம் எளிதில் பிறந்துவிடுகிறது. உண்மையில் உடும்பு பல்லியினத்தைச் சார்ந்தது. அது நாக்கை நீட்டுவது, காற்றிலுள்ள மணத்தைக் கொண்டு இரையை அறிவதற்கே. பாம்பைப் போல் மனிதரைக் கடித்துக் கொல்லும் நஞ்சு அதனிடம் இல்லை. வழிமறித்தால் மட்டும் வாலால் அடிக்கும், கடிக்கும், நகத்தால் கீறும்.

தமிழ்நாட்டுக் காடுமேடுகளில் நாம் கண்டிருப்பது நில உடும்பு. வங்கத்தில் அதனோடு நீர் உடும்பும் உண்டு. அது நன்றாக நீந்தும். 2 மீட்டர் நீளம் வரையிலும் வளரும். எலி, நண்டு, தவளை, பாம்பு, செத்த மீன் ஆகியவற்றைத் தின்று குளக்கரையைத் துப்புரவு செய்கிறது. கோழிமுட்டையையும் விடாது என்பது மெய்யே. கூட்டிற்கு வலையடித்தால் அக்குறை தீரும்.

உடும்பால் நமக்கு நேரும் தீங்கினும் நம்மால் அதற்கு நேர்ந்த தீங்கே பெரிது. இறைச்சிக்காகவும், மூட்டுவலித் தைலத்துக்காகவும், கஞ்சிராத் தோலுக்காகவும் அதனைக் கொன்றோம். ‘ஹத்தா ஜோடி’ என்று விற்கப்படும் அதிர்ஷ்ட வேர் வேரே அன்று, ஆண் உடும்பின் உலர்ந்த உறுப்பு என்பதை 2017-இல் ஆய்வாளர் வெளிப்படுத்தினர். 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உடும்பு இடம்பெற்றுள்ளது. அதனைக் கொல்வோருக்கு 3 முதல் 7 ஆண்டு வரை சிறைத்தண்டனையும் அபராதமும் உண்டு.

வங்க இலக்கியமும் உடும்பை உயர்த்தியே வைத்திருக்கிறது. முகுந்தராம் சக்கரவர்த்தி இயற்றிய ‘சண்டி மங்கள’ காவியத்தில், காலகேது என்னும் வேடன் பிடித்துச் செல்லும் பொன்னிற உடும்பு, அவன் குடிசையில் தேவியாகத் தோன்றுகிறது.

குளங்களைத் தூர்த்து மனைகள் எழுப்பும் இக்காலத்தில், உடும்புக்கு எஞ்சும் இடம் நம் தோட்டத்து மூலைதான். அது எதிர்ப்பட்டால் குழந்தைகளையும் நாயையும் விலக்கி, அதற்கு வழிவிட்டு நிற்போம், தானே போய்விடும். வீட்டினுள் புகுந்துவிட்டால் கதவைத் திறந்துவைப்போம். அப்போதும் போகாவிடில் வனத்துறைக்குச் சொல்வோம். தடி மூலையிலேயே இருக்கட்டும்.