625-ல் அந்த 125 எதற்கு?

டாக்டர் எழுதித் தரும் 'அமாக்சிக்ளேவ் 625' அட்டையைப் பலரும் பார்த்திருப்பீங்க. திருப்பிப் பார்த்தால் கணக்கு இருக்கும்: அமாக்சிசிலின் 500 மி.கி., கிளாவுலானிக் அமிலம் 125 மி.கி. கிருமியைக் கொல்வது முதல் ஆள்தான். இரண்டாவது ஆளைத் தனியாக அனுப்பினால் பெரிசா ஒண்ணும் கிழிக்காது. அப்புறம் எதுக்கு அது?

பெனிசிலின் குடும்ப மருந்துகளில் பீட்டா-லாக்டம் என்றொரு நான்கு அணு வளையம் உண்டு. பாக்டீரியா தன் செல் சுவரைக் கட்டவிடாமல் தடுப்பது இந்த வளையம். இதை வெட்டுவதற்கென்றே சில பாக்டீரியாக்கள் ஒரு கத்தரி வைத்திருக்கின்றன. அதுதான் பீட்டா-லாக்டமேஸ் என்ற நொதி. பெனிசிலின் கடைக்கு வருவதற்கு முன்பே, 1940-லேயே, ஆபிரகாமும் செயினும் இதைப் பற்றி எழுதிவிட்டார்கள்!

கிளாவுலானிக் அமிலத்திலும் அதே வளையம் இருக்கு. கத்தரி ஏமாந்து அதை வெட்டுகிறது. வெட்டியது கத்தரியின் வாயிலேயே ஒட்டிக்கொள்கிறது. அத்தோடு அந்தக் கத்தரி காலி. (எங்க பாஷையில் சொன்னால், ஒரு ரிக்வெஸ்ட் அனுப்பி சர்வரையே ஹேங் ஆக்குவது.) அந்த இடைவெளியில் அமாக்சிசிலின் தன் வேலையை முடித்துவிடும். இந்த அமிலமும் ஸ்ட்ரெப்டோமைசிஸ் என்ற மண் பாக்டீரியா தயாரிப்பதுதான். பிரிட்டனின் பீச்சம் கம்பெனி கண்டெடுத்தது, 1981-ல் ஆக்மென்டின் என்ற பெயரில் அங்கே விற்பனைக்கு வந்தது.

ஆனால் கத்தரிகளில் பல ரகம். டெல்லியில் சிகிச்சை பெற்று ஸ்வீடன் திரும்பிய ஒரு நோயாளியிடம் கிடைத்து, 2009-ல் பெயரிடப்பட்ட என்டிஎம்-1 முற்றிலும் வேறு ரகம். (அந்த 'என்டி' நியூ டெல்லிதான். பெயரைக் கேட்டு இங்கே பலருக்குக் கோபம் வந்தது. கிருமிக்கு அதெல்லாம் தெரியாது.) இது துத்தநாக அயனிகளை வைத்து வெட்டுவதால் கிளாவுலானிக் அமிலம் ஒட்டிக்கொள்ள இடமே கிடையாது. கடைசிக் கட்டத்துக்கென்று வைத்திருக்கும் கார்பபெனம் மருந்துகளையும் வெட்டிப் போட்டுவிடும்.

எனக்கு ரொம்பப் பிடித்த தந்திரம் இங்கேதான் வருது. அஸ்ட்ரியோனாம் என்ற பழைய மருந்தை என்டிஎம்மால் வெட்ட முடியாது. அப்போ அதையே கொடுத்துடலாமே? முடியாது. என்டிஎம் வைத்திருக்கும் பாக்டீரியா பெரும்பாலும் பழைய ரகக் கத்தரிகளையும் சேர்த்தே வைத்திருக்கும், அவை அஸ்ட்ரியோனாமைத் தீர்த்துக்கட்டிவிடும். அந்தப் பழைய கத்தரிகளை மடக்கத்தான் அவிபாக்டம். அது முதலில் செஃப்டாசிடைமுடன் சேர்ந்த ஊசியாக மட்டுமே கிடைத்தது. அதனால் டாக்டர்கள் அந்த ஊசியையும் அஸ்ட்ரியோனாமையும் சேர்த்துப் போட்டார்கள். செஃப்டாசிடைமை என்டிஎம் வெட்டிவிடும், பரவாயில்லை, அது வெறும் வாகனம்தான். அஸ்ட்ரியோனாமும் அவிபாக்டமும் மட்டும் சேர்ந்த மருந்துக்கு 2024-ல்தான் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது.

அதற்குள் கிருமி அடுத்த வழியைப் பார்த்துவிட்டது. இந்தியாவில் கிடைத்த சில ஈ.கோலை வகைகளில், அஸ்ட்ரியோனாம் போய் ஒட்ட வேண்டிய புரதத்திலேயே நாலு அமினோ அமிலங்கள் கூடுதலாக நுழைந்திருக்கின்றன. மருந்து முன்போல ஒட்டுவதில்லை. இது கத்தரி செய்கிற வேலையே இல்லை என்பதால், அவிபாக்டம் பிடித்து மடக்க இங்கே ஒன்றும் இல்லை.