ஒரே ஊசி போதும் என்று எப்படித் தெரிந்தது?

கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் ஹெச்.பி.வி. தடுப்பூசியை முதலில் மூன்று முறை போட வேண்டியிருந்தது. இன்று பல நாடுகளில் சிறுமிகளுக்கு ஒரே முறைதான் போடுகிறார்கள். இந்த மாற்றத்தில் ஒட்டன்சத்திரத்துக்குப் பக்கத்திலுள்ள அம்பிளிக்கை மருத்துவமனைக்கும் பங்கு உண்டு.

உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 1965-இல் தொடங்கப்பட்டது. பிரான்சின் லியோன் நகரில் இருக்கிறது. ஒரு நாடு தனியாக விடை காண முடியாத கேள்விகளுக்குப் பல நாட்டு மருத்துவர்களைச் சேர்த்து விடை தேடுவது அதன் வேலை. அம்பிளிக்கை மருத்துவமனையோடு அது 2000-இலேயே கைகோத்தது. கருப்பைவாய்ப் புற்றுநோயை முன்கூட்டியே கண்டறிய, பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, வெளுக்கும் இடத்தைக் கண்ணாலேயே பார்த்துச் சொன்னார்கள். ஆய்வகமே தேவைப்படவில்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் 31,343 பெண்கள் இந்தப் பரிசோதனை செய்துகொண்டார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பகுதிகளில் இந்நோயால் ஏற்படும் இறப்பு மற்றப் பகுதிகளைவிட 35 சதவீதம் குறைந்தது.

தடுப்பூசி ஆய்வு 2009-இல் தொடங்கியது. இந்தியாவின் 9 மையங்களில் அம்பிளிக்கையும் ஒன்று. கேள்வி எளியது: 10 முதல் 18 வயதுப் பெண்களுக்கு மூன்று ஊசி வேண்டுமா, இரண்டு போதுமா? ஆனால் ஆந்திரத்திலும் குஜராத்திலும் நடந்த வேறொரு தடுப்பூசித் திட்டம் சர்ச்சையானதால், 2010 ஏப்ரலில் எல்லா ஹெச்.பி.வி. ஆய்வுகளிலும் ஊசி போடுவதை அரசு நிறுத்தியது. ஏறக்குறைய 5,000 பேர் ஒரே ஊசியோடு நின்றுபோனார்கள்.

ஆய்வை அத்தோடு மூடியிருக்கலாம். மூடாததுதான் பெரிய காரியம் என்பேன். ஊசி நின்ற பிறகும் அந்தப் பெண்களை விடாமல் பின்தொடர்ந்தார்கள். திருமணமானவர்களிடம் மாதிரி எடுத்து, லியோனோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். 2021-இல் முடிவு வெளியானது. புற்றுநோய்க்கு முக்கியக் காரணமான 16, 18 வகை வைரஸ்கள் உடலில் நிலைத்துவிடாமல், பத்தாண்டு கழித்தும் ஒரு ஊசி 95 சதவீதம் தடுத்தது. இரண்டு, மூன்று ஊசி போட்டவர்களுக்குக் கிடைத்த பாதுகாப்பும் அவ்வளவுதான்.

ஒரே ஊசி போட்டவர்கள் திட்டமிட்டுப் பிரித்த குழு அல்ல என்பதால், இந்த முடிவை மட்டும் வைத்து உலகக் கொள்கையை மாற்ற முடியாது. கோஸ்டாரிகாவிலும் ஒற்றை ஊசி நல்ல பலன் தந்திருந்தது. கென்யாவில் முறைப்படி குலுக்கல் வழியில் பிரித்து நடத்திய ஆய்வும் அதையே உறுதி செய்தது. இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்து, 9 முதல் 20 வயது வரை ஒரு ஊசியும் போதும் என்று உலக சுகாதார நிறுவனம் 2022 டிசம்பரில் அறிவித்தது. இருக்கிற மருந்தை முன்னைவிட அதிகம் பேருக்குப் போடலாம். இரண்டாம் தவணைக்காகப் பள்ளிகளுக்கு மறுபடி போகவும் வேண்டாம். ஏழை நாடுகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்!

21 வயதைக் கடந்தவர்களுக்கு இரண்டு ஊசி வேண்டும். எய்ட்ஸ் கிருமி உள்ளவர்களுக்குக் குறைந்தது இரண்டு, முடிந்தால் மூன்று. ஊசி போட்டுக்கொண்டவர்களும் 35 வயதுக்குள் ஒரு முறை, 45 வயதுக்குள் இன்னொரு முறை பரிசோதித்துக்கொள்ள வேண்டும். ஏனென்றால், இந்தத் தடுப்பூசி எல்லா வகை வைரஸையும் தடுப்பதில்லை.