தேரி மணலுக்கு ஹைப்ரிடா, டீசலா?

இந்த எபிசோட்ல ஒரே கேள்விதான். தூத்துக்குடியில இருந்து திருச்செந்தூர், மணப்பாடு, உவரின்னு கடற்கரையோரமா சுத்த எந்த வண்டி வாங்கலாம்?

2022-ல வந்த மாருதி கிராண்ட் விட்டாராவை எடுத்துக்குவோம். ஸ்ட்ராங் ஹைப்ரிடுக்கு லிட்டருக்கு 27.97 கிலோமீட்டர்னு சான்று. துறைமுக ரோட்டுல கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னாடி ஊர்ந்து போகும்போது அந்த லாபம் நல்லா தெரியும். பிரேக் பிடிக்கிறப்போ எல்லாம் பேட்டரி சார்ஜ் ஆகும். காலி ரோட்டுல ஒரே வேகத்துல போனா பிரேக்குக்கே வேலை இல்லை, லாபமும் குறையும்.

குதிரைமொழித் தேரி ஓரத்து மணல் பாதைதான் உண்மையான பரீட்சை. இந்த ஹைப்ரிட்ல முன்சக்கரம் மட்டும்தான் இழுக்கும். நாலு சக்கரமும் இழுக்கணும்னா, அதே வண்டியோட பெட்ரோல் மாடலுக்குப் போகணும். பேட்டரி பின்னாடி இருக்கிறதால ஹைப்ரிட் டிக்கியும் 265 லிட்டர்தான். டென்ட், ஸ்டவ் வச்சாலே நிறைஞ்சிடும்.

டீசல்? க்ரெட்டாவோட 1.5 லிட்டர் இன்ஜின் 1500 ஆர்.பி.எம்.லயே 250 நியூட்டன் மீட்டர் இழுவை தரும். நாலு பேர் லக்கேஜோட ஏறினாலும் திணறாது. ஆனா அதுவும் முன்சக்கர வண்டிதான். ஊருக்குள்ளயே ஓட்டினா புகை ஃபில்டர்ல கரி அடைக்கும்.

என் கணக்கு இதுதான்: தினமும் ஊருக்குள்ள, எப்பவாவது கடற்கரைன்னா ஹைப்ரிட். லோடோட நீண்ட தூரம்னா டீசல். மணல்ல இறங்கியே ஆகணும்னா ஆல்வீல் பெட்ரோல். எதுவானாலும், உப்புக்காத்துல சுத்திட்டு வந்ததும் வண்டியோட அடிப்பாகத்தை நல்ல தண்ணியில கழுவிடுங்க.