பட்டாள லாரிக்கு எந்த டயர்?

கடமலைக்குண்டில் முப்பது வருடமாக டயர் பட்டறை வைத்திருக்கிறேன். வருசநாட்டு மலையிலிருந்து இறங்கும் இலவங்காயும் கொட்டைமுந்திரியும் என் வாசலைத் தாண்டித்தான் கண்டமனூர் வழியாகத் தேனிக்குப் போகும்.

ஒருநாள் என் தாய்மாமா பட்டாளத்து ஏலத்தில் கழித்த லாரியோடு வந்து நின்றார். நேராக ஏலத்தில் எடுத்ததல்ல. இரண்டு கை மாறி வந்தது. முன்சக்கரமும் பின்சக்கரமும் சேர்ந்து இழுக்கும் வண்டி. வாலிப்பாறைக்கு மேலே காட்டுப்பாதையில் இலவங்காய் ஏற்றி வருவதற்காக வாங்கியிருந்தார்.

“மாப்ளே, முன் இழுவை லிவரைப் போட்டேன். இப்ப எடுக்க வரமாட்டேங்குது. கியர் பெட்டி போச்சா?”

லிவரை இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. முன்சக்கரம் ஒன்றுக்கு ஜாக்கி கொடுத்தேன். டயர் தரையை விட்டதும் சக்கரம் தானாகவே வெடுக்கென்று ஒரு வெட்டு வெட்டிச் சுழன்றது. அதற்குப் பிறகு லிவர் ஒரு விரலுக்கு வந்தது. கியர் பெட்டியில் குற்றமில்லை. குற்றம் டயரில். முன்னால் 9.00-20, பின்னால் 10.00-20. விற்றவர் கையில் கிடைத்ததை மாட்டி அனுப்பிவிட்டார்.

இந்த ஒரு அங்குல வித்தியாசம் ஒரு வண்டியை என்ன பாடு படுத்தும் என்பதைத்தான் இங்கே சொல்ல வந்தேன்.

எண் என்ன சொல்கிறது?

9.00 என்பது காற்றடித்த டயரின் அகலம், 20 என்பது டயர் உட்காரும் டிஸ்க்கின் விட்டம். இரண்டும் அங்குலக் கணக்கு. அகலம் கூடினால் உயரமும் கூடும். நைன் ட்வென்டி டயர் நின்றால் சுமார் 1018 மில்லிமீட்டர், டென் ட்வென்டி சுமார் 1055, லெவன் ட்வென்டி சுமார் 1085. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

மாமாவின் வண்டிக்கு இதைப் போட்டுப் பாருங்கள். முன்டயருக்கும் பின்டயருக்கும் 37 மில்லிமீட்டர் வித்தியாசம். ஒரு கிலோமீட்டர் ஓடும்போது பின்டயர் சுமார் 302 சுற்று சுற்றினால், முன்டயர் 313 சுற்ற வேண்டும். ஆனால் முன் இழுவை போட்டுவிட்டால் இரண்டு அச்சையும் டிரான்ஸ்பர் கியர் ஒன்றாகக் கட்டிவிடுகிறது. கூடுதலாகச் சுற்றவேண்டிய அந்தப் பதினொரு சுற்றுக்கு இடமில்லை. மூல வைகை ஆற்று மணலில் ஓடினால் டயர் கொஞ்சம் வழுக்கி அந்த முறுக்கை விட்டுவிடும். தார் ரோட்டில் வழுக்க வழியில்லை. முறுக்கு முழுவதும் ஷாப்ட்டிலும் கியர் பல்லிலும் ஏறி நிற்கும். லிவர் சிக்கியது அதனால்தான். இன்னும் நாலு நடை தார் ரோட்டில் அப்படியே ஓட்டியிருந்தால் கியர் பல்லே போயிருக்கும்.

ஆகவே நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு முதல் விதி: முன்னும் பின்னும் ஒரே அளவு, ஒரே தேய்மானம். புது டயரையும் மொட்டை டயரையும் கலந்து மாட்டினாலும் இதே கதைதான். மாமா வண்டிபோலப் பின்னால் ஜோடி டயர் இருந்தால் ஜோடிக்குள் இரண்டும் ஒரே உயரம் இருக்க வேண்டும். இல்லையென்றால் உயரமான டயரே பாரத்தைச் சுமந்து சூடேறி வெடிக்கும்.

பெரிது போட்டால் நல்லதா?

“அப்ப ஆறுக்கும் லெவன் ட்வென்டியே போட்டுரு மாப்ளே. பாறை இடிக்காதுல்ல?” என்றார் மாமா. பட்டாள வண்டி வாங்கும் எல்லோருக்கும் வரும் ஆசை இது. பெரிய டயர் கண்ணுக்கு அழகு.

கணக்கு வேறு சொல்கிறது. நைனிலிருந்து லெவனுக்குப் போனால் விட்டம் 67 மில்லிமீட்டர் கூடும். அச்சு உயர்வது அதில் பாதி, ஒன்றேகால் அங்குலத்துக்கும் சற்று மேல். அதற்குக் கொடுக்கும் விலை பெரிது. இழுவை நூற்றுக்கு ஆறு பங்கு குறையும். ஏற்றத்தில் இரண்டாவது கியரில் போன வண்டி முதல் கியர் கேட்கும். இறக்கத்தில் பிரேக்கும் அதே அளவு தளரும். மீட்டர் 50 காட்டும்போது வண்டி 53-இல் ஓடும். ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்தால் டயர் பட்டையில் உரசும். பின்ஜோடி இரண்டும் நடுவில் முட்டிக்கொள்ளும். டிஸ்க்கும் ஒத்துவராது, நைனுக்கு 7 அங்குல டிஸ்க் என்றால் லெவனுக்கு 8 அங்குலம் வேண்டும்.

பட்டாளத்தில் பெரிய டயர் ஓடவில்லையா என்று கேட்பீர்கள். ஓடுகிறது, அந்த அளவுக்கென்றே அச்சும் கியரும் பிரேக்கும் செய்த வண்டிகளில். ஜெர்மனியின் எம்.ஏ.என் கம்பெனி உரிமத்தில் 1959-இல் ஜபல்பூர் தொழிற்சாலையில் தொடங்கிய சக்திமான் லாரியும், பிறகு வந்த அசோக் லேலண்ட் ஸ்டாலியனும் தத்தம் டயர் அளவுக்கேற்பத் திட்டமிட்டுச் செய்தவைதான். சின்ன அளவே போதும் என்பதற்குக் கம்பத்திலிருந்து ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப்போரின் வில்லிஸ் ஜீப்புக்கு வைத்த அளவு 6.00-16. போர் முடிந்து இத்தனை காலமாகியும் நம் மலைப்பாதையில் அந்த அளவு செத்துப்போகவில்லை. வண்டிக்குப் பொருந்தியதால் நின்றது.

பாரமும் வயதும்

அளவு சரியானாலும் வேலை முடியவில்லை. டயரின் பக்கவாட்டில் 16பிஆர், 146/143 கே என்பது போல எழுதியிருக்கும். 146 என்றால் ஒற்றையாக மாட்டினால் 3000 கிலோ தாங்கும். 143 என்றால் ஜோடியில் ஒவ்வொன்றும் 2725 கிலோ. ஜோடியில் பாரம் சரிசமமாகப் பிரியாது என்பதால் அங்கே குறைவு. கே என்றால் 110 கிலோமீட்டர் வேகம் வரை. பிஆர் என்பது வலுவின் அளவு. உள்ளே அத்தனை அடுக்கு நூல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. 9.00-20 என்று நடுவில் கோடு இருந்தால் நைலான் டயர், 9.00ஆர்20 என்றால் ரேடியல். இரண்டையும் ஒரே அச்சில் கலக்கக் கூடாது.

ஏல வண்டியில் ஏமாறும் இடம் இன்னொன்று உண்டு. டயரில் பட்டன், அதாவது தரையில் படும் ரப்பர் கட்டை, முழுசாக இருக்கும். பட்டாளத்தில் வண்டி ஓடியது குறைவு, நின்றது அதிகம். ஆனால் நின்ற டயருக்கும் வயதாகும். பக்கவாட்டில் நாலு இலக்கத் தேதியைப் பாருங்கள்: 2314 என்றால் 2014-இன் 23-வது வாரம். பட்டனுக்கு அடியில் முடிபோல வெடிப்பு ஓடியிருந்தால் அந்த டயரில் லோடு ஏற்றாதீர்கள்.

இன்னொரு எச்சரிக்கை. இந்த வண்டிகளின் டிஸ்க்கில் டயரைப் பிடித்து நிறுத்தும் லாக் ரிங் உண்டு. ரிங் சரியாக உட்காராமல் காற்றடித்தால் பீரங்கிக் குண்டுபோலப் பறக்கும். கூண்டுக்குள் வைத்து, தள்ளி நின்று அடிக்கத் தெரிந்தவரிடம் மட்டும் கொடுங்கள்.

சட்டமும் உண்டு. டயரின் எண்ணிக்கையும் அளவும் ஆர்சியில் பதிவாகும். அதற்கு மாறாக மாட்டினால் எஃப்சியில் கேள்வி வரும். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரித்தவர் சொன்ன குறிப்புக்கு மாறாக வண்டியைத் திருத்துவதைத் தடுக்கிறது.

மாமா வண்டிக்கு ஆறும் ஸ்டெப்னியும் சேர்த்து ஏழும் நைன் ட்வென்டி போட்டோம். ஒரே கம்பெனி, ஒரே பட்டன். தார் ரோட்டில் முன் இழுவை போடுவதில்லை என்று அவரிடம் கைமேல் வாக்கு வாங்கினேன். லிவர் அதற்குப் பிறகு சிக்கவில்லை.

பட்டாள வண்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்ஜின் சத்தத்தைக் கேட்பதற்கு முன் குனிந்து ஏழு டயரின் எண்ணையும் ஒரு தாளில் எழுதுங்கள். ஏழும் ஒன்றாக, ஆர்சியில் உள்ளபடி இருந்தால் விலை பேசுங்கள். இல்லையென்றால் ஏழு புது டயரின் விலையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.